நரி என்று வந்த தாள்

"நரி டைப் ஆளை ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் ஆக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்க?" என்று அப்ரைசல் மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார். எங்களோடு வேலை செய்யும் ஒரு அண்ணனைப் பற்றிய பேச்சு.

"நரின்னா சமயோசிதம் சார். ஸ்டோர்ஸுக்கு அதுதானே வேணும்?" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பொறுப்பு வேறொருவருக்குப் போனது.

புதுச்சேரியில் ஒரு ஹோட்டலில் நடந்த டிரெயினிங்கில் நிரப்பிய தாள் அது. சிங்கம், யானை, ஓநாய், நரி என்று நாலு வகை. 'ஒரு வழி அடைபட்டால் வேறு வழி தேடுவேன்' என்ற வரிக்கு அண்ணன் டிக் அடித்திருந்தார். அது உண்மைதானே? 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கரையேறியது. அப்புறம் கடலூரில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. ரோடெல்லாம் மரம். அப்போது எங்கெங்கோ பேசி, கேன் கேனாக டீசல் கொண்டுவந்து, பிளான்ட்டில் கூலிங் நிற்காமல் ஜெனரேட்டரை ஓட வைத்தவர் அவர். கெமிக்கல் பிளான்ட்டில் கூலிங் நின்றால் என்ன ஆகும் என்று சிப்காட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

'இந்தத் தாளை வைத்து ஏன் சார் பேசுகிறோம்?' என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் பேச்சு என்னைப் பற்றியதாக மாறியிருக்கும், அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அவர்கள் பாஷையிலேயே அவருக்காகப் பேசினேன். அந்த இடத்தில் அதுதான் முடிந்தது. ஆனால் அதன் பிறகுதான் ஆபீஸில் எல்லோரும் அவரை நரி என்றார்கள். நானும் அதற்குக் கையெழுத்துப் போட்டதுபோல ஆகிவிட்டதோ?

சண்டை போட்டு ஜெயிக்கும் ஓநாய்தான் கூட்டத்துக்குத் தலைவன் என்று டிரெயினர் சொன்ன 'தலைமை ஓநாய்' கதையை அப்புறம் தேடிப் படித்தேன். 1947இல் ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் அடைப்பில் வளர்ந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. அந்தக் கருத்தைத் தன் புத்தகத்தில் பரப்பிய ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் தானே திருத்தி எழுதினார். அடைத்து வைத்த இடத்தில் பார்த்ததையே அதன் சுபாவம் என்று நினைத்திருக்கிறார்கள். ஏசி ஹாலில் உட்கார்ந்து டிக் அடித்த தாளில் மட்டும் ஒரு மனிதரின் சுபாவம் எப்படி வந்துவிடும்? நரியும் பாவம். நம் பக்கத்து நரி ஜோடியாக வாழும். ஆணும் பெண்ணும் சேர்ந்து குட்டி வளர்க்கும். முந்தைய ஈற்றுக் குட்டிகள் சில கூடவே தங்கி ஒத்தாசை செய்யும்.

இதையெல்லாம் அன்றே தெரிந்து வைத்திருந்தாலும் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆளை எடைபோட அவருக்கும் ஏதோ ஒன்று தேவைப்படுகிறது.

இந்த வருஷமும் அதே டிரெயினிங். "சார், இந்த வாட்டி என்ன டிக் அடிக்கணும்?" என்று அண்ணன் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை.

"உள்ளதையே போடுங்கண்ணே" என்றேன். அந்தத் தாள்கள் அப்ரைசல் மீட்டிங்குக்கு வரக் கூடாது என்று மேனேஜருக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.