வேறொருவர் அளவுக்குச் செய்த சேர்ஃப் பலகை: வாங்குமுன் எதைப் படிப்பது, எதைத் தட்டிப் பார்ப்பது

ஏப்ரல் கடைசியில் தெற்குக் கரை குழம்பத் தொடங்கும்போதும், ஒக்டோபரில் அறுகம்பே ஓயும்போதும் கொழும்பில் பழைய சேர்ஃப் பலகைகள் கைமாறத் தொடங்கும். அவற்றில் சில, கடையில் அடுக்கிவைத்து விற்றவை அல்ல. யாரோ ஒருவர் தன் எடையையும் தன் ஊர் அலையையும் சொல்லி, பலகையைச் செதுக்கிச் செய்யும் ஷேப்பரிடம் செய்வித்தவை. விலை குறைவு, வேலைப்பாடு திறம். ஆனால் அது வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டை. உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: அந்த அளவு யாருடையது? செய்த நாளில் இருந்த விறைப்பு இன்றும் இருக்கிறதா?

முதல் கேள்விக்குப் பாதி விடை பலகையிலேயே எழுதியிருக்கும். அடிப்பக்கத்தில், நடுவே ஓடும் மரக்கீற்றான ஸ்ட்ரிங்கரை ஒட்டி, கண்ணாடி இழைக்கு அடியில் பென்சிலால் 6'2" × 19½" × 2½" என்பது போல ஒரு வரி. நீளம், அகன்ற இடத்தின் அகலம், நடுத்தடிப்பு. அருகில் ஷேப்பரின் கையொப்பமோ ஓடர் இலக்கமோ இருக்கும்; சிலவேளை செய்வித்தவரின் பெயரும் இருக்கும். பெயர் இருந்தால் அது தனிப்பட்ட ஓடர். விற்பவர் முதல் உரிமையாளரா, அப்போது அவர் எடை எவ்வளவு, எந்தக் கடலுக்காகச் செய்வித்தார் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பலகையின் வயதைக் காட்டிலும் இந்த மூன்றும் முக்கியம்.

லீற்றர் கணக்கு எழுதப்படாவிட்டால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். மூன்று அளவையும் அங்குலத்தில் பெருக்கி, 0.0164 ஆல் பெருக்கினால் அந்தப் பெட்டியின் கனவளவு லீற்றரில் வரும். ஒடுங்கிய குறும்பலகை அதில் ஏறத்தாழ 0.53 பங்கு. மேலே சொன்ன அளவுக்கு 74 × 19.5 × 2.5 × 0.0164 என்றால் 59, அதில் 0.53 பங்கு 31 லீற்றர். மூக்கும் வாலும் அகன்ற பலகைக்கு 0.58 வரை எடுக்கலாம்.

நன்றாக ஓட்டுபவர் தன் எடையின் கிலோ ஒன்றுக்கு 0.36 முதல் 0.40 லீற்றர் வரை எடுப்பார். வாரக்கடைசியில் மட்டும் வெலிகமவுக்கு ரயில் ஏறும் ஒருவருக்கு 0.45 முதல் 0.5 வரை வேண்டும். இன்னும் எழுந்து நிற்கப் பழகுபவருக்கு 0.7க்கும் மேல். ஆகவே அந்த 31 லீற்றர் பலகை, 80 கிலோ எடையுள்ள தேர்ந்தவர் ஒருவருக்காகச் செய்யப்பட்டிருக்கலாம். 65 கிலோ எடையுள்ள வாரக்கடைசி ஓட்டுநருக்கும் அது சரியாகவே மிதக்கும். மிதக்கும் என்பது வேறு, வளையும் என்பது வேறு. வளைவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

குளிர்கடலுக்காகச் செய்வித்த பலகையில் இன்னொரு கணக்கும் உண்டு. ஐரோப்பியக் குளிர்காலத்தில் தடித்த வெட்சூட் நனைந்து பாரமாகும்; அதை ஈடுசெய்ய ஒன்றிரண்டு லீற்றர் கூட்டிச் செய்விப்பார்கள். இங்கே அரைக்காற்சட்டையோடு இறங்கும் உங்களுக்கு அந்தக் கூடுதல் மிதப்பு அப்படியே மிஞ்சும். கையால் துடுப்பு வலிக்க நல்லது. கூர்மையாகத் திரும்பும்போது ரெயில் என்ற பக்க விளிம்பு நீருக்குள் இறங்க மறுக்கும்.

ரொக்கர் என்ற முன்பின் வளைவைப் பலகையில் எழுதும் வழக்கமில்லை. அளந்துதான் அறிய வேண்டும். பலகையைக் கவிழ்த்து, மேசன்மார் பாவிக்கும் நீண்ட அலுமினிய மட்டக்கோலை நடுவில் படுமாறு வையுங்கள். மூக்கிலும் வாலிலும் எஞ்சும் இடைவெளியை அளந்து பாருங்கள். மூக்கில் 5½, வாலில் 2½ அங்குலம் என்றால் செங்குத்தாக உடையும் அலைக்கான பலகை. வெலிகமவின் மணற்படுகை அலையில் அது உழும். அங்கே 4½க்கு 2 அளவிலான தட்டையான பலகைதான் ஓடும்.

இனி விறைப்பு. சேர்ஃப் பலகைக்கு விறைப்பு இலக்கம் என்று பொதுவான ஒன்று இல்லை. அது நான்கு விடயங்களிலிருந்து பிறக்கிறது: உள்ளிருக்கும் ஃபோம், ஸ்ட்ரிங்கர், மேலே போர்த்திய இழை, தடிப்பு.

தடிப்பைப் பலர் மிதப்போடு மட்டும் சேர்த்து நினைக்கிறார்கள். பலகை என்பது மென்மையான நடுப்பகுதியும் இருபுறமும் மெல்லிய விறைத்த தோலும். இப்படியான கட்டமைப்பில் தோல்களுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விறைப்பு கூடும். மற்றெல்லாம் ஒன்றாக இருக்க, 2⅜ அங்குலத்திலிருந்து 2⅝ ஆனால் விறைப்பு ஏறத்தாழ 22 வீதம் உயரும். கால் அங்குலம்தான் வித்தியாசம். 80 கிலோ எடையுள்ளவரின் பலகை உங்கள் 65 கிலோவுக்கு ‘செத்த’ பலகையாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. அவர் காலடியில் திருப்பத்தில் வளைந்து மீண்டது, உங்கள் காலடியில் வளையவே மாட்டாது. எதிர்ப்பக்கமும் உண்மை: மெலிந்தவருக்காகச் செய்ததைப் பாரமானவர் ஓட்டினால் அது தளர்ந்து வேகத்தை விழுங்கும், சீக்கிரம் மடியும்.

இழையின் கணக்கு 4+4/4 என்பது போல எழுதப்படும். மேலே 4 அவுன்ஸ் துணி இரண்டு படை, கீழே ஒன்று. இது வேகப் பலகைகளின் வழமையான அளவு. 6+4/6 என்றால் பாரமும் விறைப்பும் கூடும், ஆயுளும் கூடும். கடற்பாறைக்கு மேல் உடையும் மிதிகமவுக்கும், பஸ்ஸிலும் ஓட்டோவிலும் அடிபட்டுப் போகும் பயணத்துக்கும் பழைய பலகையில் 6+4 மேற்தளத்தையே நான் விரும்புவேன். அவுன்ஸ் என்பது சதுர யார் ஒன்றின் நிறை. 4 அவுன்ஸ் துணி சதுர மீற்றருக்குச் சுமார் 136 கிராம்.

ஃபோமில் இரு சாதி. பி.யு. (பொலியூரித்தேன்) ஃபோமும், இழையை ஒட்டி இறுகும் பொலியெஸ்டர் ரெசினும் கொண்டது பழைய முறை. கொஞ்சம் பாரம், கொந்தளிப்பில் அதிர்வை விழுங்கும். இ.பி.எஸ். (விரிந்த பொலிஸ்டைரீன்) ஃபோமும் எபொக்சி ரெசினும் கொண்டது இலேசு, துள்ளல். காற்றடித்த கடலில் தடதடக்கும். சிலவற்றில் நடு ஸ்ட்ரிங்கருக்குப் பதிலாக ரெயில் ஓரமாக மரமோ கார்பன் நாடாவோ போகும். உங்களுக்கு எந்தச் சாதி பிடிக்கும் என்பது இரண்டாம் பட்சம். எந்தச் சாதி என்று தெரிந்தே வாங்க வேண்டும். தோலுக்கு அடியில் சிறு மணிகள் தெரிந்தாலோ, மேற்தளத்தில் காற்றுப்போக்கும் சிறு திருகாணி இருந்தாலோ இ.பி.எஸ். என்று கொள்ளலாம்.

காரணம் பழுதுபார்ப்பு. நம் கரை முழுக்க ஃபைபர் வள்ளம் திருத்துபவர்கள் இருக்கிறார்கள். கை திறமானது, கூலி நியாயம். ஆனால் அவர்கள் பெரும்பாலும் பாவிப்பது பொலியெஸ்டர் ரெசின். அதிலுள்ள ஸ்டைரீன் இ.பி.எஸ். ஃபோமைக் கரைத்துவிடும். துவாரத்தில் ஊற்றிய சில நிமிடத்தில் உள்ளே குகை விழும். இ.பி.எஸ். பலகைக்கு எபொக்சிதான். பி.யு. பலகையை இரண்டாலும் ஒட்டலாம். வெயிலில் இறுகும் ரெசின் குழாய் வாங்கினாலும் எது என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது கேள்வி: பாவித்த பின் விறைப்பு எஞ்சியிருக்கிறதா? முதலில் மெழுகை முழுக்கச் சுரண்டச் சொல்லுங்கள். மெழுகு பூசிய மேற்தளத்தைப் பார்த்து எவரும் பலகை வாங்கக்கூடாது. வெடிப்புகள் அதற்கடியில்தான் ஒளியும். பிறகு பலகையை டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, அடிப்பக்கத்தில் விழும் ஒளிக்கோட்டை மூக்கிலிருந்து வால்வரை நகர்த்திப் பாருங்கள். கோடு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஓரிடத்தில் திடீரென்று உடைந்து திரும்பினால் அங்கே மடிப்பு விழுந்திருக்கிறது, அல்லது முறிந்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய இடம் கூடுதல் இழையால் விறைத்து நிற்கும். வளைவெல்லாம் அதன் ஓரத்தில் குவியும். அடுத்த முறிவு அங்கேதான். குறுக்காக ஓடும் மயிரிழை வெடிப்பை நகத்தால் உரசுங்கள். நகம் தட்டுப்பட்டு, அந்தக் கோடு ஸ்ட்ரிங்கரையும் தாண்டிப் போனால் மரமும் போயிற்று.

அடுத்து வாலைத் துவாயின்மேல் ஊன்றி, மூக்கை ஒரு கையால் பிடித்துச் சாய்த்து, மேற்தளத்தின் நடுவை உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி விடுங்கள். விற்பவரின் அனுமதியோடு. சற்று வளைந்து உடனே மீள வேண்டும். நெரியும் சத்தம் கேட்டாலோ ஓரிடத்தில் மட்டும் மடிந்தாலோ வைத்துவிடுங்கள். இந்தச் சோதனை ஒப்பிட்டால்தான் பேசும். அதே நீளத்தில் நல்ல பலகை ஒன்றை அழுத்திப் பழகியிருப்பது அவசியம்.

குதிகால் பட்ட சிறு குழிகள் எல்லாப் பழைய பலகையிலும் உண்டு. கணக்கில் எடுக்க வேண்டாம். பெருவிரலால் அழுத்தும்போது தோல் தனியாக இறங்கி எழுந்தால், தட்டும்போது பொத்தென்று ஒலித்தால், அது டீலாம்: இழை ஃபோமை விட்டுப் பிரிந்துவிட்டது. அந்தப் பகுதியில் விறைப்புக்குப் பொறுப்பே இல்லை. கொழும்பில் இதற்குப் பெரும்பாலும் வெயிலில் கதவடைத்து நிறுத்திய கார்தான் காரணம். கடும் நிறம் பூசிய பலகையில் இன்னும் கவனம்.

தூக்குத் தராசு கொண்டுபோங்கள். ஆறடி பி.யு. குறும்பலகை, வாலின் அடியில் பொருத்தும் ஃபின் இல்லாமல் 3 கிலோவை ஒட்டி நிற்கும். 4+4/4 என்று எழுதியிருந்தும் 3.5ஐத் தாண்டினால் உள்ளே தண்ணீர் இருக்கலாம். பி.யு.வில் தண்ணீர் துவாரத்தைச் சுற்றியே நின்று பழுப்பாக்கும்; இ.பி.எஸ்.ஸில் மணிகளுக்கிடையே தூரம் ஓடும். வெடிப்பில் வாய் வைத்து உறிஞ்சி உப்புக் கரித்தால் ஐயமே வேண்டாம்.

ஃபின்களைச் சொருகும் பெட்டிகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; என்ன வகை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். 2013இல் வந்த எஃப்.சி.எஸ். 2 என்ற வகைப் பெட்டியில் பழைய எஃப்.சி.எஸ். ஃபின்களை இடைத்துண்டும் திருகாணியும் போட்டுப் பொருத்தலாம், மறுதலையாக முடியாது. ஃபியூச்சர்ஸ் என்பது வேறொரு தனி வகை.

கைப்பரப்புக்கு மேற்பட்ட டீலாம், ஸ்ட்ரிங்கர் வெடித்த மடிப்பு, தண்ணீர் குடித்த இ.பி.எஸ். ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். துவாரம் மட்டும் உள்ள பி.யு. பலகையை விலை குறைத்து வாங்கலாம். வாங்கியதும் அடைக்க அவசரப்பட வேண்டாம். துவாரம் கீழே பார்க்கும்படி நிழலில் சாத்தி, நாளுக்கொரு தடவை நிறுத்துப் பாருங்கள். இந்த ஈரப்பதத்தில் இரண்டு வாரமும் ஆகும். எடை மூன்று நாள் தொடர்ந்து குறையாமல் நின்ற பிறகே ரெசினைக் கலக்குங்கள்.