தலையீற்றுக் கிடேரிகளுக்குத் தனித் தொட்டி

இறைச்சி மாட்டு மந்தையில் எனக்கு அதிகக் கவலை தருவது முதல் கன்று போடப்போகும் இரண்டு வயதுக் கிடேரிகள்தான். வயிற்றில் கன்று வளர்கிறது, தாயும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நல்ல வளர்ப்பில்கூட ஈனும் சமயத்தில் முழு எடையில் ஏறக்குறைய 85 விழுக்காட்டைத்தான் தொட்டிருக்கும். போதாததற்கு, பால் பல் விழுந்து புதுப்பல் போடும் வயதும் அதுதான்.

அதனால் இந்த ஈற்றுக்கு மூன்று மாதம் முன்பே அவற்றைப் பெரிய மாடுகளிடமிருந்து பிரித்துவிட்டேன். கன்றின் எடை பெரும்பாலும் கூடுவது அந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான். கலந்து கட்டித் தீவனம் வைத்தால் என்ன நடக்கும் என்று தொட்டிப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வயதான மாடு முட்டவெல்லாம் செய்யாது, தலையை லேசாகத் திருப்பும். அவ்வளவுதான், கிடேரி இரண்டடி பின்வாங்கிவிடும். மற்றவை தின்று முடித்த பிறகு அதற்கு மிஞ்சுவது தண்டும் தூசியும். தனித் தொட்டி வைத்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் தலையை நுழைத்துத் தின்றன. மெலிந்திருந்த பெரிய மாடுகள் சிலவற்றையும் இந்தக் கூட்டத்திலேயே சேர்த்துக்கொண்டேன்.

உடம்பைக் கண்ணால் மட்டும் அளக்க முடியாது. ரோமம் அடர்ந்திருந்தால் மெலிந்த மாடும் தேறியது போலத் தெரியும். சினை வயிறும் ஏமாற்றும். விலாவில் கையை வைத்து அழுத்திப் பார்ப்பேன். 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிதமிஞ்சிய கொழுப்பு) வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில் கிடேரி ஈனும்போது 6-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அப்போது விலா கண்ணுக்குத் தெரியாது, நன்றாக அழுத்தினால்தான் தட்டுப்படும். வாலடியின் இருபுறமும் மெத்தென்றிருக்கும். கடைசி விலாக்கள் வெளியே தெரிந்தால் 4 தான். ஒரு மதிப்பெண் ஏற 35 முதல் 40 கிலோ சதை பிடிக்க வேண்டும். ஈன்ற பிறகு தின்பதெல்லாம் பாலுக்கே போய்விடுவதால், தேற்றுவதை முன்கூட்டியே தேற்றிவிட வேண்டும்.

காய்ந்த புல்லின் நிறத்தை நம்பாமல் பரிசோதனைக்கு அனுப்பி, புரதம் கூடுதலாக இருந்த கட்டுகளை இவற்றுக்கென்று ஒதுக்கினேன். சினையின் கடைசிக் கட்டத்தில் சுமார் 9 விழுக்காடு புரதம் போதும். ஈன்ற பிறகு 11 வேண்டும். குறைந்த சத்தைத் தானியமும் பிண்ணாக்கும் கலந்த அடர்தீவனத்தால் ஈடுகட்டினேன், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினேன். ஒரேயடியாகக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி, மாடு தீவனமே எடுக்காது.

“தீவனத்தைக் குறை, கன்று சிறிதாகும், ஈனுவது சுலபம்” என்று பலர் சொன்னார்கள். இதை நான் அடியோடு ஏற்கவில்லை. பட்டினி போட்டால் கன்றின் எடை கொஞ்சம் குறையும், பிரசவச் சிரமம் குறையாது. முக்கத் தெம்பில்லாத தாயும் எழுந்து நிற்கத் தெம்பில்லாத கன்றும்தான் மிஞ்சும், சீம்பாலும் குறையும். கன்று சிறிதாக வேண்டுமென்றால் காளையைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வேண்டும். அதற்காகக் கொழுக்க வைப்பதும் ஆகாது, கன்று வரும் வழியில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும்.

தீவனம் வைக்கும் நேரத்தைப் பொழுது சாய்ந்த பிறகு என்று மாற்றினேன். அதனால் பெரும்பாலான கன்றுகள் பகலிலேயே பிறந்தன. பக்கத்தில் இருந்து கவனிக்க முடிந்தது.

ஈன்றதும் தாய்க்குத் தாராளமாகத் தண்ணீர், கன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால். அப்புறம்தான் உண்மையான நெருக்கடி. சினைக்காலம் 283 நாள் என்றால், வருடம் ஒரு கன்று எடுக்க 82 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். தலையீற்று மாடு பருவத்துக்குத் திரும்பவே அதிக நாள் எடுக்கும். பால் உச்சத்துக்குப் போவதும் அந்த இரண்டாவது மாதத்தில்தான். ஆகவே காளை சேர்க்கும் காலம் முடியும்வரை இவற்றைப் பெரிய மந்தையோடு கலக்கவில்லை, அடர்தீவனத்தையும் நிறுத்தவில்லை. அப்படியும் தேறாமல் நின்றவற்றின் கன்றுகளைச் சீக்கிரமே பால் மறக்கடித்துத் தனியாகத் தீவனத்துக்குப் பழக்கினேன்.