ரெஃபரன்ஸ் பட்டியல்: கமாவுக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928இல் நேச்சர் இதழில் எழுதிய குறுங்கட்டுரையை நம் ஆய்வுக் கட்டுரையின் ரெஃபரன்ஸ் பட்டியலில் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டுரையில் ஆங்கிலத்தில் தர வேண்டியதை இங்கே தமிழெழுத்தில் காட்டுகிறேன். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஸ்டைலான ஏபிஏவின் ஏழாம் பதிப்பின்படி:

ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). ஏ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர், 121(3048), 501–502.

மருத்துவ இதழ்களில் புழங்கும் வான்கூவர் முறையில்:

ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ். ஏ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர். 1928;121:501-2.

முதலாவதில் ஆண்டு பெயரை ஒட்டி வருகிறது. இதழ்ப் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில், அடைப்புக்குள் உள்ள வெளியீட்டு எண் நேரெழுத்தில். இறுதியில் டிஓஐ, அதாவது கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண், முழு இணைப்பாக வர வேண்டும் (மேலே அதை விட்டிருக்கிறேன்). இரண்டாவதில் இனிஷியலுக்குப் புள்ளியே கிடையாது, ஆண்டு இதழ்ப் பெயருக்குப் பின்னால் போய்விடுகிறது, 502 வெறும் 2 ஆகச் சுருங்குகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ஜோட்டெரோ, மெண்டலே, எண்ட்நோட் என்ற ரெஃபரன்ஸ் மென்பொருள் எதற்கும் ஒரு நொடி போதும். அதனால் கமாவையும் புள்ளியையும் கையால் திருத்திக்கொண்டு இரவைக் கழிப்பது வீண். மென்பொருளுக்குள் போன தரவு தப்பாக இருந்தால் மட்டும் எந்த ஸ்டைலும் அதைக் காப்பாற்றாது.

டிஓஐ கொடுத்து இறக்குமதி செய்தாலே சரியாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். டிஓஐ விவரங்களைப் பதிந்து வைக்கும் கிராஸ்ரெஃப் அமைப்பிடம் பதிப்பாளர் கொடுத்ததுதான் உங்களிடம் வரும். பழைய கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் வரும், இரண்டாவது இனிஷியல் காணாமல் போயிருக்கும், பக்க எண் பாதியில் நிற்கும். இறக்கியவுடன் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்றுக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். அறுபது சேர்ந்த பிறகு செய்வதாக இருந்தால் யாரும் செய்வதில்லை.

நம்மவர்களின் பெயர்தான் இதில் பெரிய வில்லங்கம். முன்னால் அப்பா பெயரின் எழுத்து, பின்னால் சொந்தப் பெயர் என்பது நம் வழக்கம். எஸ். கவிதா என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இதழில் அவர் 'கவிதா, எஸ்.' இன்னோர் இதழின் படிவம் குடும்பப் பெயரைக் கட்டாயம் கேட்டதால் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார், அங்கே 'சுப்பிரமணியன், கே.' ஆகிவிடுவார். மூன்றாவதில் குடும்பப் பெயர் கட்டத்தில் வெறும் 'எஸ்' போட்டிருப்பார், அது 'எஸ், கே.' என்று வந்து நிற்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று தெரிந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். அந்தந்தக் கட்டுரையில் அச்சான பெயரே அந்தந்த ரெஃபரன்ஸில் வர வேண்டும், தேடுபவர் அந்தப் பெயரில்தான் தேடுவார். மென்பொருள் முன்பெயரையும் குடும்பப் பெயரையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் அதை மட்டும் சரிசெய்யுங்கள்.

நிறுவனம் ஆசிரியராக இருந்தால் வேறு விதமாகக் கெடும். உலக சுகாதார அமைப்பின் ஆங்கிலப் பெயர் இரண்டு கட்டங்களாகப் பிரிந்து கிடந்தால், 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' என்று ஒரு புது மனிதர் பிறந்துவிடுவார். ஜோட்டெரோவில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்குங்கள். லேடெக்கில் எழுதுவோர் பயன்படுத்தும் ரெஃபரன்ஸ் கோப்பான பிப்டெக்கில் இரட்டை வளைவு அடைப்பு போடுங்கள். பிப்டெக்கில் ஆசிரியர்களைப் பிரிப்பது கமா அல்ல, 'அண்ட்' என்ற சொல். இதை மறந்தால் மூன்று பேர் ஒருவராகிவிடுவார்கள்.

தலைப்பை எப்போதும் முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும்படி சேமியுங்கள். இதிலிருந்து எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும் வடிவத்துக்கு மென்பொருள் போய்விடும். திரும்பி வரத் தெரியாது, ஏனென்றால் எது சிறப்புப் பெயர், எது சாதாரணச் சொல் என்று அதற்குப் புரியாது. ஜோட்டெரோவில் தலைப்பின் மேல் வலது கிளிக் செய்தால் மாற்றும் வசதி உண்டு. மாற்றிய பின் ஊர்ப் பெயர், டிஎன்ஏ போன்ற சுருக்கங்களைக் கையால் மீட்டெடுக்க வேண்டும். நெல்லின் 'ஒரைசா சடைவா' போன்ற உயிரியல் பெயருக்குத் தலைப்புக் கட்டத்திலேயே முன்னும் பின்னும் ஐ டேக் (<i>, </i>) போட்டால் சாய்வெழுத்து கிடைக்கும்.

எத்தனை ஆசிரியர் பெயர் தர வேண்டும் என்பதை ஸ்டைலே பார்த்துக்கொள்ளும், ஆனாலும் சரிபார்க்கத் தெரிந்திருப்பது நல்லது. ஏபிஏ ஏழில் 20 பேர் வரை எல்லோரும். 21 அல்லது அதற்கு மேல் போனால் முதல் 19, மூன்று புள்ளி, கடைசி ஆள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏஎம்ஏ ஸ்டைலில் ஆறு பேர் வரை எல்லோரும், அதைத் தாண்டினால் முதல் மூவரும் 'மற்றும் பிறர்' என்று பொருள்படும் 'எட் ஆல்' என்பதும். வான்கூவர் என்று சொல்லிக்கொள்ளும் இதழ்கள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கும். பெரும்பாலும் ஆறு, ஆனால் அந்த இதழில் போன மாதம் வந்த ஒரு கட்டுரையைப் பார்ப்பதுதான் பத்திரம். ஆசிரியர் வழிகாட்டிப் பக்கம் பழையதாகவே கிடப்பது சகஜம்.

தமிழ் நூல்களை ஆங்கிலக் கட்டுரையில் சுட்டும்போது ஒலிபெயர்ப்பு முறை ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை விடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையாகவும் இருக்கலாம், இந்திய எழுத்துகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15919 ஆகவும் இருக்கலாம். நூலகப் பட்டியல்களில் உ.வே.சாமிநாதையர் 'சி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவார், ஆங்கிலத் தலைப்புப் பக்கங்களில் 'எஸ்' எழுத்தில். இரண்டையும் கலந்தால் ஒரே பட்டியலில் இரண்டு இடத்தில் இருப்பார். ஏபிஏவில் ஒலிபெயர்த்த தலைப்பு சாய்வெழுத்தில், அடுத்துச் சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பொருள். புறநானூற்றை அவர் முதலில் அச்சிட்டது 1894இல். உங்கள் கையில் இருப்பது மறுபதிப்பு என்றால் அதன் ஆண்டு முன்னால், 1894 கடைசி அடைப்பில். கட்டுரைக்குள் சுட்டும்போது 1894 முதலில், சாய்கோடு, பிறகு மறுபதிப்பின் ஆண்டு. தலைப்புப் பக்கத்தில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருந்தால் 31ஐக் கழியுங்கள். 2040 என்றால் 2009.

வான்கூவர் போல, கட்டுரையில் வரும் வரிசையில் ரெஃபரன்ஸுக்கு எண் தரும் முறையில் அட்டவணைதான் காலை வாரும். அட்டவணையில் மட்டும் வரும் ரெஃபரன்ஸுக்கு, அந்த அட்டவணை கட்டுரைக்குள் முதலில் குறிப்பிடப்படும் இடத்தை வைத்து எண் தர வேண்டும் என்பது மருத்துவ இதழாசிரியர் குழுவான ஐசிஎம்ஜேஇயின் விதி. இதழ்களோ அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் கேட்கின்றன. மென்பொருள் கோப்பில் இருக்கும் வரிசையில் எண்ணுவதால் அவை கடைசி எண்களைப் பெற்றுவிடும். வழி இதுதான்: எழுதும்போது அட்டவணையை அது குறிப்பிடப்படும் பத்திக்குக் கீழேயே வைத்திருங்கள். எல்லாம் முடிந்ததும் கோப்பை நகலெடுத்து, நகலில் சைட்டேஷன்களை, அதாவது கட்டுரைக்குள் வரும் சுட்டல்களை, அன்லிங்க் செய்து மென்பொருளோடு தொடர்பில்லாத வெறும் எழுத்தாக்கி, பிறகு அட்டவணையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மூலக் கோப்பை அன்லிங்க் செய்யவே கூடாது. திருத்தம் கேட்டுத் திரும்பி வரும்போது அதுதான் கைகொடுக்கும்.

அனுப்புமுன் வேர்டில் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் போய் ஃபீல்ட் ஷேடிங்கை 'ஆல்வேஸ்' ஆக்குங்கள். ஜோட்டெரோவோ எண்ட்நோட்டோ ஃபீல்டாகப் போட்ட உயிருள்ள சைட்டேஷன் எல்லாம் சாம்பல் நிறமாகும். வெள்ளையாகத் தெரிவது யாரோ கையால் தட்டியது, பெரும்பாலும் இணை ஆசிரியர் அவசரத்தில் சேர்த்தது. அது பட்டியலில் இருக்காது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு ஜோட்டெரோ 2019 முதல் சிவப்பு எச்சரிக்கை காட்டுகிறது, அதையும் ஒருமுறை பாருங்கள்.

இதழுக்குக் கட்டுரையை அனுப்பும் போர்ட்டல் உருவாக்கித் தரும் பிடிஎஃப்பில் டிஓஐ இணைப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பது சலிப்பான வேலைதான். திறக்காமல் போவதற்குப் பல நேரம் காரணம், கடைசியில் யாரோ பழக்கத்தில் வைத்த முற்றுப்புள்ளி. ஏபிஏவில் டிஓஐக்குப் பின்னால் புள்ளி கிடையாது.