90 ஆயிரம் டாலர் கல்லூரி: நடுத்தரக் குடும்பம் எந்த வரிசையைப் பார்க்க வேண்டும்?

வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், ஸ்வார்த்மோர் போன்ற அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் (இளநிலைப் படிப்பை மையமாகக் கொண்ட சிறிய கல்லூரிகள்) படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 90 ஆயிரம் டாலரை ஒட்டி வருகிறது. விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒருவருக்கு இடம் கிடைத்தாலே பெரிது. அங்கே உதவித்தொகை அநேகமாக முழுவதும் குடும்பத்தின் பண நிலையைப் பார்த்துத்தான். மதிப்பெண்ணுக்கென்று கிடைப்பது அபூர்வம். வருமானம் குறைவான வீட்டுக்கு இவை மாநிலப் பல்கலைக்கழகத்தைவிட மலிவாக முடியலாம். வில்லியம்ஸ் 2022-லிருந்து உதவித்தொகையில் கடனையே சேர்ப்பதில்லை. அடிபடுவது இரண்டு சம்பளமும் ஒரு சொந்த வீடும் இருக்கிற குடும்பம்தான்: உதவிக்கு வருமானம் அதிகம், 90 ஆயிரம் கட்டக் குறைவு.

முதலில் கல்லூரித் தளத்தில் இருக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டரைப் (உதவி போக உங்கள் குடும்பம் கட்ட வேண்டியதை மதிப்பிடும் கருவி) போட்டுப் பாருங்கள். 2011 முதல் சட்டப்படி அது இருந்தே ஆகவேண்டும். சொந்தத் தொழில், வாடகை வருமானம், விவாகரத்து இருந்தால் அதன் விடையை நம்ப வேண்டாம். மத்திய அரசின் உதவி விண்ணப்பமான ஃபாஃப்சா குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் எடுக்காது. தங்கள் சொந்த உதவிக்காக சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இன்னொரு விண்ணப்பத்தையும் கேட்கும் கல்லூரிகளில் பல எடுக்கும். ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகள் படித்தால் ஃபாஃப்சாவில் கிடைத்த சலுகையும் 2024-25-இல் போய்விட்டது. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) உள்ள பிள்ளைக்கு மத்திய அரசின் உதவியே கிடையாது. பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவராகவே வைத்துப் பார்க்கும்.

கால்குலேட்டர் கைவிரித்தால் ஒரு படி இறங்குவதுதான் புத்திசாலித்தனம். டெனிசன், வூஸ்டர், செயின்ட் ஓலாஃப், லாரன்ஸ் போன்றவை மெரிட் ஸ்காலர்ஷிப் (பணத்தேவையைப் பார்க்காமல் தகுதிக்குத் தரும் உதவி) தருகின்றன. எவ்வளவு என்று அறிய, கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' (கல்லூரிகள் ஒரே வடிவில் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கை) என்று தேடி, எச்2ஏ பகுதிக்குப் போங்கள். பணத்தேவை இல்லாத எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்ற வரிசைகள் இருக்கும். அவற்றில் முதலாண்டு மாணவர்களுக்குத் தனிப் பத்தியே உண்டு. அதே அறிக்கையின் சி9 பகுதியில் சேர்ந்தவர்களின் எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண் இருக்கும். உங்கள் பிள்ளை மேல் கால்பகுதியில் வந்தால் அந்தப் பணம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பெயர் பெற்ற கல்லூரியில் கடைசி ஆளாக நுழைவதைவிட இதுவே மேல் என்பது என் கட்சி.

ஏர்லி டிசிஷன் (இடம் கிடைத்தால் அங்கேயே சேர்கிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு விண்ணப்பிப்பது) போட்டால் இடம் கிடைப்பது சற்றுச் சுலபம். ஆனால் மற்ற கல்லூரிகள் என்ன தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் போகும். மெரிட் பணத்தை நம்பியிருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது.

உதவிக் கடிதம் வந்ததும் பேனாவோடு உட்காருங்கள். உதாரணத்துக்கு, மொத்தச் செலவு 88,000. கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத உதவி) 30,000, மாணவர் கடன் 5,500, வொர்க் ஸ்டடி (மாணவர் பகுதிநேர வேலை செய்து சம்பாதிப்பது) 2,500, பேரன்ட் பிளஸ் கடன் (பெற்றோர் வாங்கும் மத்திய அரசுக் கடன்) 20,000. 'மீதி 30,000' என்று போட்டிருக்கும். கிராண்ட் தவிர எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். உண்மை விலை 58,000. ஸ்காலர்ஷிப் நாலு வருஷமும் வருமா, எந்த ஜிபிஏவுக்குக் (கல்லூரி மதிப்பெண் சராசரி) கீழே போனால் நிற்கும், கட்டணம் ஏறும்போது அதுவும் ஏறுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ஏறாது. நாலாவது வருஷம் இடிப்பது அங்கேதான்.

வேலை போனது, பெரிய மருத்துவச் செலவு என்று மாற்றம் இருந்தால் சான்றுகளோடு மேல்முறையீடு செய்யலாம். அதே தரத்துக் கல்லூரி கூடுதலாகக் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தையும் இணையுங்கள். இடத்தை உறுதிசெய்யக் கட்டும் மே 1 டெபாசிட் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.