கார்மார்தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்

இந்த மலரில் நாங்கள் வழக்கமாக எழுதுவது கல்லூரி மண்டபம், இல்ல விளையாட்டுப் போட்டி, மாஸ்டர்மாரின் பிரம்பு பற்றித்தான். இந்தமுறை மலர்க்குழுத் தம்பி, "ஊரை விட்டு வந்த பிறகு உங்கள் மனதில் ஒட்டிக்கொண்டது என்ன அண்ணா, அதை எழுதுங்கோ" என்று கேட்டார். அதனால் வேறொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன். அவர்கள் தொடங்கிய இசைக்குழுவின் பெயர் கோர்க்கிஸ் ஸைகோட்டிக் மன்கி. நம்மவர்களில் அநேகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் படிக்க வந்தது வேல்ஸில் உள்ள ஸ்வான்சிக்கு. அங்கிருந்து மேற்கே ரயில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் கார்மார்தன் வந்துவிடும். ஆற்றங்கரையில் ஒரு பழைய சந்தை நகரம். 1966 இடைத்தேர்தலில் வேல்ஸ் தேசியக் கட்சிக்கு முதல் நாடாளுமன்ற ஆசனம் கிடைத்தது இந்தத் தொகுதியில்தான். வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷிலேயே பாடம் நடத்தும் ப்ரோ மர்தின் பாடசாலை அங்கே இருக்கிறது. அதில் படித்த எய்ரோஸ் சைல்ட்ஸ், ஜான் லோரன்ஸ், ரிச்சர்ட் ஜேம்ஸ் மூவரும் 1991 அளவில் குழுவைத் தொடங்கினார்கள். அப்புறம் எய்ரோஸின் சகோதரி மேகன் வயலினோடு வந்தார். இன்னொரு எய்ரோஸ், எய்ரோஸ் ரோலண்ட்ஸ், டிரம்ஸுக்கு வந்தார்.

ஊரில் மின்சாரம் நின்ற நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். ஸ்வான்சியில் இரவிரவாக மின்சாரம் இருந்தது, வானொலியும் இருந்தது. விட்டு வைப்பேனா? பிபிசி ரேடியோ 1இல் ஜான் பீல் நடத்திய இரவு நிகழ்ச்சியில் எந்த மொழிப் பாட்டும் வரும். வெல்ஷ் மொழியில் பாடும் சின்னக் குழுக்களை அவர் எண்பதுகளிலிருந்தே தூக்கிப் பிடித்தார். லண்டன் பத்திரிகைகள் திரும்பியும் பார்க்காத குழுக்கள் அவருடைய நிகழ்ச்சிக்காகப் பாடிப் பதிவு செய்தன. கோர்க்கிஸ் என் காதில் விழுந்ததும் அங்கேதான். ஒரு நிமிடம் தேவாலயப் பாட்டு மாதிரி மென்மையாகப் போகும், அடுத்த நிமிடம் எல்லாரும் கத்துவார்கள், பிறகு வயலின் ஒரு வடிவான மெட்டை எடுத்துக்கொண்டு வரும். வாசிப்பவர்கள் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் என்று அறிந்தபோது மலைத்துப்போனேன்.

அவர்களுக்குக் கை கொடுத்தது ஆங்க்ஸ்ட் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம். அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் 1988இல் தொடங்கியது அது. 1992இல் 'பாட்டியோ', 1994இல் 'டாட்டே', 1995இல் 'பூயிட் டைம்' எல்லாம் அந்த நிறுவனத்தின் வெளியீடுகள். இந்த வேலையில் காசு பார்க்க முடியாது. 1991 குடிசன மதிப்பீட்டின்படி வெல்ஷ் பேசுவோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர், வேல்ஸ் சனத்தொகையில் 18.7 சதவீதம். அதற்குள் இளையவர்கள் எத்தனை, அதற்குள் இப்படியான இசையை விரும்புகிறவர்கள் எத்தனை என்று கணக்குப் பாருங்கள். வானொலி என்றால் 1977இல் தொடங்கிய ரேடியோ கம்ரி, தொலைக்காட்சி என்றால் 1982இல் வந்த எஸ்4சி. இவ்வளவுதான் வெல்ஷ் பாட்டின் களம். அந்தத் தொலைக்காட்சியும் சும்மா கிடைக்கவில்லை. முன்சொன்ன 1966 தேர்தலில் வென்ற குவின்வோர் எவன்ஸ், 1980இல் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்த பிறகுதான் அரசாங்கம் இறங்கி வந்தது.

கோர்க்கிஸ் பிள்ளைகள் தொடக்கத்திலிருந்தே வெல்ஷிலும் பாடினார்கள், ஆங்கிலத்திலும் பாடினார்கள். சில நேரம் ஒரே பாட்டுக்குள் இரண்டும் வரும். அந்த நாட்களில் வெல்ஷ் குழுவொன்று ஆங்கிலத்தில் பாடுவதைப் பெரிய துரோகமாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பயத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. பள்ளிக்கூடத்தில் வெல்ஷ் பேசிய பிள்ளையைத் தண்டித்த காலமும் அந்த நாட்டில் இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் செய்ததுதான் சரி என்பது என் எண்ணம். கார்மார்தனில் வகுப்பில் ஒரு மொழி, வீதியில் இரண்டு மொழி. வாழ்க்கை எப்படியோ பாட்டும் அப்படி. லண்டனில் வளரும் எங்கள் பிள்ளைகள் வீட்டில் கதைப்பதைக் கேட்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில், வுமன்பி வீதியில் கிளப் ஈவோர் பாக் என்று ஒரு இடம் இருக்கிறது. வெல்ஷ் பேசுவோர் கூடுவதற்காக 1983இல் திறந்தது. அங்கே கோர்க்கிஸ் குழுவை நேரில் பார்த்தேன். சனம் நெருக்கியடித்து நின்று வெல்ஷ் வரிகளைச் சேர்ந்து பாடியது. எனக்கு வரிகள் பாதி விளங்கவில்லை, ஆனால் உடம்பு சிலிர்த்தது.

1996இல் ஃபொன்டானா என்ற பெரிய நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு 'பாராஃபண்டில்' வந்தது. பெம்புரோக்‌ஷயர் கடற்கரையில் உள்ள ஒரு குடாவின் பெயர் அது. ஆங்கிள்சி தீவைச் சேர்ந்த கோர்வெல் ஓவன் அவர்களோடு சேர்ந்து உருவாக்கிய இசைத்தட்டு. வெல்ஷ் சுயாதீன இசைக்கு அந்த மனிதர் செய்த வேலைக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

பெரிய நிறுவனம் வந்தால் கூடவே விற்பனைக் கணக்கும் வரும். அதிகம் விற்கும் பாட்டுகளின் பிரித்தானியப் பட்டியலில் முதல் 40க்குள் வந்தால்தான் ஞாயிறு வானொலியில் பாட்டு ஒலிக்கும், தொலைக்காட்சி கூப்பிடும். 'பாட்டியோ சோங்' 41ஆவது இடத்தில் நின்றது. ஒரே ஒரு இடம்! அதோடு முடியவில்லை. மொத்தம் எட்டுப் பாட்டுகள் முதல் 75க்குள் வந்தன, ஒன்றும் 40க்குள் போகவில்லை. அப்படி ஒரு சாதனை வேறு எந்தக் குழுவுக்கும் இருக்கவில்லை. இதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். கால் நூற்றாண்டு கழித்தும் கேட்கக்கூடிய பாட்டுகள் அவை. 1998இல் 'கோர்க்கி 5' வந்தபின் ஃபொன்டானா அவர்களைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு ஜான் லோரன்ஸும் விலகிவிட்டார்.

வேறு குழுவாக இருந்தால் அந்த இடத்தில் கலைந்திருக்கும். மிஞ்சியவர்கள் மான்ட்ரா என்ற சிறிய நிறுவனத்தோடு சேர்ந்து 1999இல் 'ஸ்பானிஷ் டான்ஸ் ட்ரூப்' வெளியிட்டார்கள். சத்தம் குறைந்து, நாட்டுப்பாடலின் இதம் கூடியிருந்தது. அவர்களுடைய நல்ல காலம் என்று நான் நினைப்பது இதைத்தான். யாரையும் பிடித்து வைக்கவேண்டிய அவசரம் இல்லாமல் பாடினார்கள். 2003இல் கடைசி இசைத்தட்டு வந்தது. 2006இல் குழு முடிந்தது என்று அறிவித்தார்கள்.

எய்ரோஸ் சைல்ட்ஸ் இன்றும் பாடுகிறார். பிறகு நஷனல் எல்ஃப் என்று சொந்தமாக ஒரு நிறுவனமே வைத்துத் தன் பாட்டுகளைத் தானே வெளியிட்டார். ரிச்சர்ட் ஜேம்ஸும் தனியாக இசைத்தட்டுகள் செய்தார். கார்டிஃபிலோ ஸ்வான்சியிலோ பிள்ளைகளைப் படிக்க விட்டிருக்கும் அண்ணாமார், அக்காமார் அந்தப் பக்கம் காரில் போகும்போது முதலில் 'பாராஃபண்டில்' கேளுங்கள். அது பிடித்தால் 'ஸ்பானிஷ் டான்ஸ் ட்ரூப்'. 'டாட்டே' கொஞ்சம் முரட்டுச் சாமான், அதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.