பூட்டிய கதவும் போர்ச்சுக்கீசியரும்

வீட்டுச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தம்பி பஸ் ஏறிவிட்டான். பூட்டிய கதவுக்கு வெளியே நான், அம்மா, அப்பா. அப்பாவைத்தான் தெரியுமே, தப்பி ஓட வழியில்லாத இரண்டு பேர் கிடைத்தால் விடுவாரா?

"சாவிங்கிறது நம்ம சொல்லே இல்ல, தெரியுமா?"

ஆரம்பித்துவிட்டார். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்க, பின்னாலேயே போர்ச்சுக்கீசிய 'சாவே'யும் இறங்கிவிட்டதாம். அதற்கு ஆத்தாள் லத்தீன் 'கிளாவிஸ்'. அந்தக் 'கிளா' இத்தாலியில் 'கியாவே', ஸ்பெயினில் 'யாவே', பிரான்சில் 'கிளே' என்று ஊருக்கொரு வேஷம் கட்டியிருக்கிறது. இந்திக்காரர்களுக்கு 'சாபி'. போப்பைத் தேர்ந்தெடுக்க கார்டினல்கள் கூடும் 'கான்கிளேவ்' இருக்கிறதே, அதுவும் 'சாவியோடு' என்கிற லத்தீன்தான். கொடுத்துவைத்தவர்கள், உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள்.

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். "மணி பிடிக்காம பயிரு சாவியாப் போச்சுன்னு எங்கப்பா தலையில கை வைப்பாரே, அதுவும் கப்பல்ல வந்ததா?"

அப்பா ஒரு நிமிடம் திணறினார். எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. "அது வேற சாவி. செத்த பயிரு. சுத்தத் தமிழ்."

"இதையும் செத்ததா நினைச்சு விட்ருங்க."

விடுவாரா? பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா எட்டிப் பார்த்ததும் அவரையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா சாதாரணமாக, "நாங்க 'தாளம்செவி'ம்போம். செவின்னா காதுதான்" என்றார். அப்பா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பூட்டின் காதைத் திருகினால் கதவு திறக்கும், என்ன அழகு, என்ன அழகு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். யார் காதைத் திருக வேண்டும் என்பதில் அம்மாவுக்கு வேறு கருத்து இருந்தது.

கடைசியில் சாவி போடுகிறவர் வந்து, கம்பியை விட்டு ஒரு நெம்பு நெம்பினார். திறந்துகொண்டது. "டூப்ளிகேட் கீ ஒண்ணு போட்டு வச்சுக்குங்க சார்" என்றதுதான் தாமதம், அப்பாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. திறவுகோலைத் துரத்திவிட்டு சாவியைக் கூட்டிவந்து இத்தனை நூற்றாண்டு சோறு போட்டு வளர்த்தோம், இப்போது அதையும் துரத்திவிட்டுக் 'கீ'யா? பாவம், அந்த மனிதர் காசைக்கூடச் சரியாக எண்ணாமல் கிளம்பினார்.

இத்தனைக்கும் தம்பியை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போன் போட்டுக் கத்தினால், "விடுடி, குழந்தை ஏதோ ஞாபகத்துல எடுத்துட்டுப் போயிட்டான்" என்கிறாள் அம்மா. குழந்தைக்கு அடுத்த மாதம் கல்யாணம்.