சட்ட அமைச்சும் வழக்கறிஞர் இல்லாதவர்களும்

நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரில் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகம். தமிழில் பேசிக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து முதலில் விவரம் கேட்பது என் வேலை. பிள்ளை கைதாகிவிட்டான் என்று வரும் பெற்றோரில் பலர், "சட்ட அமைச்சுக்கு ஒரு கடிதம் போட்டால் வழக்கை விட்டுவிடுவார்களாம்மா?" என்று கேட்பார்கள்.

அமைச்சின் பெயரைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் வழக்குத் தொடுப்பது தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம். தீர்ப்புச் சொல்வது நீதிமன்றம். காவல்துறை உள்துறை அமைச்சின் கீழ் வருகிறது. சட்ட அமைச்சிடம் இருப்பவை வேறு: நிலம், அறிவுசார் சொத்து, கடன் கொடுப்போர் உரிமம், நொடிப்புநிலை, அக்கம்பக்கத்துச் சண்டைக்குச் சமரசம், சட்ட உதவி. பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று நியமனம் செய்யாமல் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய மத்திய சேம நிதிப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொது அறங்காவலர் அலுவலகமும் அங்கேதான். (திருமணம் ஆனதும் பழைய நியமனம் செல்லாமல் போய்விடும். தயவுசெய்து உங்கள் வீட்டில் இன்றே கேட்டுப் பாருங்கள்.)

இத்தனையிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சட்ட உதவிதான். சட்ட உதவி அலுவலகம் 1958 முதல் இயங்குகிறது. ஆனால் அது பார்ப்பது மணவிலக்கு, பராமரிப்பு, இழப்பீடு மாதிரியான சிவில் விவகாரங்களை. குற்றவியல் வழக்கில் வசதியில்லாதவர்களுக்குக் கைகொடுத்தது வழக்கறிஞர் சங்கம் நடத்திய குற்றவியல் சட்ட உதவித் திட்டம் என்ற தொண்டூழியத் திட்டம். வழக்குத் தொடுக்கும் அரசே குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பொதுப் பணத்தில் வாதாடலாமா என்ற தயக்கம் நெடுங்காலம் இருந்தது. 2015இல் அந்தத் திட்டத்துக்கு அரசு நிதி தரத் தொடங்கியது. 2022 டிசம்பரில், குற்றம் சாட்டப்பட்டவருக்காக அரசு செலவில் வாதாடும் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகமே வந்துவிட்டது, அதுவும் சட்ட அமைச்சின் கீழ்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது என் மேசையிலிருந்து பார்த்தால் தெரியும். "பையன் குற்றத்தை ஒப்புக்கொள்ளப்போகிறான், பிறகு வக்கீல் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒப்புக்கொள்கிறவனுக்குத்தான் வக்கீல் கட்டாயம் வேண்டும் என்பேன். எந்தக் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்வது, குற்றச்சாட்டைக் குறைக்கச் சொல்லி அரசுத் தரப்புக்கு எழுதலாமா, சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பு கேட்க முடியுமா என்பதெல்லாம் மென்ஷன் அன்று, அதாவது வழக்கை நீதிமன்றத்தில் முதலில் எடுக்கும் நாளில், தனியாக நிற்கும் 19 வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? வாசித்துக் காட்டும் சம்பவ விவரத்துக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவான். நம் பிள்ளைகள் அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

புதிய ஏற்பாடு எல்லாருக்கும் கிடைத்துவிடாது. தலைக்கு எவ்வளவு என்று கணக்கிட்ட குடும்ப வருமானத்தில் கீழ் 35 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், வழக்கிலும் நியாயம் இருக்க வேண்டும். கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் செலவு எங்கே போய் நிற்கும் என்று அமைச்சு கவலைப்பட்டது. சரி, அதில் அர்த்தம் உண்டு. ஆனால் அந்த எல்லைக்குச் சற்று மேலே இருக்கும் குடும்பங்கள்தான் எங்கள் அலுவலகத்தில் கட்டணத்தைக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போகின்றன.

தலைமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1964 முதல் 2025 வரை சட்ட அமைச்சராக இருந்தவர்கள் மூன்றே பேர். இ.டபிள்யூ. பார்க்கர் 24 ஆண்டுகள், எஸ். ஜெயக்குமார் 20 ஆண்டுகள், அப்புறம் கா. சண்முகம். இவ்வளவு காலம் ஒரே கையில் இருந்தால் கொள்கை நிலைத்து நிற்கும், இறுகிப்போகவும் கூடும். சண்முகம் 2015 முதல் உள்துறையையும் சேர்த்தே பார்த்தார். காவல்துறைக்குப் பொறுப்பான அதே அமைச்சரின் காலத்தில்தான் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அரசு செலவில் வாதாடும் வழக்கறிஞரும் கிடைத்தார். பழைய நிலைப்பாட்டை மாற்ற முன்வந்ததை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

2025 மே மாதம் எட்வின் டோங் சட்ட அமைச்சரானார். அவரது காலத்தில் ஒன்று நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். மரண தண்டனை வழக்கு என்றால் எந்த நாட்டவருக்கும் வழக்கறிஞர் உண்டு. மற்ற வழக்குகளில், வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் நம் ஊர்த் தம்பிகள் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். அங்கே உழைப்பவர்கள் நல்லவர்கள், ஆனால் அத்திட்டம் பெரிதும் தொண்டூழிய வழக்கறிஞர்களின் நேரத்தில் ஓடுகிறது. இந்தத் தீவின் கட்டடங்களைக் கட்டுகிற தம்பிகளுக்கும் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் கிடைக்க வேண்டும்.